ஒன்பதில் எட்டு

ரெய்க்யவிக்
1993 செப்டம்பர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் கப்பல் திரும்பிவிட்டதா? இங்கே மூன்று நாளாக மழை பக்கவாட்டில் அடிக்கிறது, குடை பிடிப்பவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனில் நான் சரியாகப் பேசமாட்டேன் என்று உனக்குத் தெரியும். நீ "அப்புறம்?" என்பாய், நான் "ஒண்ணுமில்ல" என்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை பிடித்திருக்கிறது. எங்கள் அலுவலகம் ஐஸ்லாந்து முழுவதும் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கப்போகிறது. மீன், அலுமினியம், வங்கி, கடை, மருத்துவமனை என்று எல்லாத் தொழிலும் உண்டு. மீன் வேலையை விட்டு ஆட்கள் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை பேர், எந்த வயது, எங்கே போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் கேட்கப்போகிறோம்.

அடுத்த வாரம் நம் ஊர் கால்டெய்ரியின் மீன் ஆலைக்கும் படிவங்கள் வரும். உன்னோடு வேலை செய்யும் பெண்கள் தயங்குவார்கள். நீ எடுத்துச் சொல்ல வேண்டும். பெயர் எழுத வேண்டாம். யார் என்ன எழுதினார்கள் என்று ஆலை மேலாளர் ஹாக்கோனுக்கு மட்டுமல்ல, எவருக்கும் தெரியவராது. இது என் வாக்குறுதி என்றே சொல். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: "ஒரு வருடத்துக்குள் இந்த வேலையை விட நினைக்கிறீர்களா?" அதை நான்தான் எழுதினேன். தலைமை அதிகாரி ஓலாவியா ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

எல்லோரும் உண்மையை எழுதட்டும், அம்மா. நீயும்.

அப்பாவுக்கு என் அன்பு. 
சல்வோர்


கால்டெய்ரி
செப்டம்பர் 24

என் கண்ணு சல்வோருக்கு,

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? அப்பா வந்து, தூங்கி, மறுபடி கடலுக்குப் போய்விட்டார். தூங்கும்போது மட்டும்தான் அவர் இந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிகிறது, அந்தக் குறட்டையால். விமானம் இரண்டு நாளாக இறங்கவில்லை, அதனால் இந்தக் கடிதம் தாமதமாகத்தான் வரும்.

உன் படிவங்கள் வந்தன. காபி நேரத்தில் எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். என் சிநேகிதி பெட்ரீனா சும்மா இருப்பாளா?

"யோருன், உன் பொண்ணு இவ்வளவு படிச்சுட்டு நம்ம பூட்ஸ் அளவை மட்டும் கேக்காம விட்டுட்டாளே!"

"பேரு வெளிய வராதுன்னு யாரு சொன்னா?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"சல்வோர் சொல்லியிருக்கா."

"அப்ப சரி," என்றாள் பெட்ரீனா. "அந்தப் பொண்ணு பேசுறதே வருஷத்துக்கு நாலு வார்த்தை. அதுல பொய்க்கு எங்க இடம்?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். ஐம்பது தாண்டியவர்கள் நாங்கள் ஒன்பது பேர், ஜன்னல் பக்க மேசை. நான் பள்ளிக்கூடப் பிள்ளை போல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினேனாம், பெட்ரீனா அதற்கும் ஒரு பாட்டுப் பாடினாள். "பாக்கட்டுமாடி? உன் வயசைக் குறைச்சுப் போடுறியா?"

உலர்மீன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். வெண்ணெயோடு சாப்பிடு, வெறுமனே கடிக்காதே.

அம்மா


ரெய்க்யவிக்
நவம்பர் 2

அன்புள்ள அம்மா,

உலர்மீன் கிடைத்தது. அலுவலகத்தில் பிரித்தேன், ஓலாவியா மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

எல்லா ஊர்ப் படிவங்களும் வந்து சேர்ந்தன. நம் பக்கத்து மேற்கு ஃபியோர்டுக் கடலோர ஊர்களின் கட்டு என் மேசைக்கு வந்தது. கால்டெய்ரி மிகச் சிறிய ஊர், பக்கத்து ஊர் ஹோல்ட்டோடு சேர்த்து ஒரே வரியாகப் போட்டுவிடலாம் என்றார் ஓலாவியா. நான் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். என் ஊர் என் ஊராகவே இருக்கட்டும் என்றேன். முகம் எரிந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சரி, ஆனா விதியைச் சரியாப் பாத்துக்கோ," என்றார்.

விதி இதுதான்: எந்தக் கட்டத்திலாவது மூன்றுக்குக் குறைவாக வந்தால் எண்ணைப் போடக்கூடாது, ஒரு புள்ளி வைக்க வேண்டும். நம் நாட்டில் ஒன்று என்று போட்டால் அந்த ஒருவரின் வீட்டுக்கே வழி சொன்ன மாதிரி.

குளிரில் உன் விரல்கள் மரத்துப்போவது இன்னும் இருக்கிறதா? உண்மையைச் சொல். நீ நன்றாகத்தான் இருக்கிறாயா, அம்மா?

சல்வோர்


கால்டெய்ரி
நவம்பர் 19

கண்ணு சல்வோர்,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரே கடிதத்தில் மூன்று முறை எதற்குக் கேட்கிறாய்? விரல்கள் எல்லோருக்கும்தான் மரத்துப்போகின்றன. இருபத்தெட்டு வருடம் அடியில் விளக்கெரியும் ஒளிமேசையில் மீன் துண்டைப் பிடித்துப் புழு தேடினால் எவருக்கும் அப்படித்தான் ஆகும்.

உனக்குச் சந்தோஷமான செய்தி. வெட்டும் கூடத்துக்குப் பெட்ரீனாதான் மேற்பார்வையாளராக வரப்போகிறாள். ஹாக்கோன் வாயாலேயே சொன்னார். அவள் கணவன் முதுகு ஒடிந்து படுத்து நான்கு வருடம் ஆகிறது, அந்த வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். போன வாரம் அக்குரேய்ரி நகரத்துக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்று வாடகை விசாரித்தாளாம், அந்தப் பேச்சு அவள் வருவதற்குள் இங்கே வந்துவிட்டது. விசாரித்தது மகளுக்காக.

ஒரே கவலை, இந்த வருடம் நம் ஊர் பிடிக்கலாம் என்று அரசு ஒதுக்கிய மீனின் அளவை மறுபடி குறைத்துவிட்டார்கள். ஆலையில் ஆறு பேரைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று பேச்சு.

நல்ல கோட்டு வாங்கிக்கொள்.

அம்மா


ரெய்க்யவிக்
டிசம்பர் 13

அன்புள்ள அம்மா, அப்பா,

கணக்கெடுப்புப் புத்தகம் வந்துவிட்டது! ஒரு பிரதியை உங்களுக்கும் ஒன்றை ஊர் நூலகத்துக்கும் அனுப்புகிறேன். பக்கம் 61. நம் ஊருக்கென்று தனி வரி. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கட்டும். நாட்டின் கணக்கில் ஹோல்ட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது கால்டெய்ரி.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, விடுப்பு இல்லை. புகையிட்ட ஆட்டிறைச்சியில் என் பங்கை அப்பாவுக்குக் கொடு. இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சல்வோர்


கால்டெய்ரி
1994 ஜனவரி 8

சல்வோர்,

புது வருடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். நாங்கள் நலம். அப்பா பக்கம் 61-ஐ நான்கு தரம் பார்த்தார், பிறகு புத்தகத்தைக் கப்பலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நூலகப் பிரதி ஆலைக்கு வந்தது. காபி நேரத்தில் ஒருத்தி உரக்கப் படித்தாள்.

"மீன் ஆலை. பெண்கள், அம்பது வயசுக்கு மேல. மொத்தம் ஒன்பது."

"நாமதான், நாமதான்!" என்று மேசையைத் தட்டினோம்.

"வேலையில தொடர நினைக்கிறவங்க, எட்டு. விட நினைக்கிறவங்க..." நிறுத்தினாள். "புள்ளி வச்சிருக்கு."

"புள்ளின்னா?"

"தெரியக்கூடாதுன்னு வச்சிருக்காங்க."

பிறகு கதவருகில் இருந்த இளையவள் ஒருத்தி, "ஒன்பதுல எட்டு போனா ஒண்ணுதானே?" என்றாள். "இதுக்குப் புள்ளி எதுக்கு?"

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஆளாளுக்கு நானில்லை, நானில்லை என்றார்கள். பெட்ரீனாவும் சொன்னாள். ஆனால் அக்குரேய்ரி வாடகை வீடு எல்லோர் மனதிலும் இருந்தது போலிருக்கிறது. கண்களெல்லாம் அவளிடம் போய் நின்றன.

"என்னடி எல்லாரும் என்னையே பாக்கறீங்க? என் மூக்குல புழுவா இருக்கு?" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் எழுந்து எல்லோருக்கும் காபி ஊற்றினேன். எனக்கு ஊற்றிக்கொள்ள மறந்துவிட்டேன்.

அம்மா


கால்டெய்ரி
ஜனவரி 24

சல்வோர்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. விமானம் ஐந்து தரம் இறங்கிவிட்டது, அதனால் வானிலை காரணமில்லை. உடம்பு சரியில்லையா?

மேற்பார்வையாளர் வேலை பெட்ரீனாவுக்கு இல்லை. அது மட்டுமில்லை. ஆறு பேர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பிப்ரவரி கடைசியோடு போக வேண்டும். ஹாக்கோன் அவளிடம், "எப்படியும் போறவங்க முன்னாடியே போனா, குழந்தை வச்சிருக்கற ஒரு பொண்ணுக்கு வேலை நிலைக்குமில்லயா?" என்று கேட்டாராம். அவள் "நான் போறேன்னு யாரு சொன்னா?" என்றாளாம். அவர் அந்தப் புத்தகத்தில் பக்கம் 61-ஐ விரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தாராம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படிவங்கள் எங்கே இருக்கின்றன? யார் எழுதியது என்று பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா?

அம்மா


ரெய்க்யவிக்
ஜனவரி 30

அன்புள்ள அம்மா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. சளி பிடித்திருந்தது. இப்போது நலம். நீயும் அப்பாவும் நலமா?

படிவங்களை அடித்தளத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பெயர் இல்லாததால் யாருடையது எது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஏரி முழுவதும் உறைந்துவிட்டது. மதிய இடைவேளையில் அலுவலகப் பெண்கள் சறுக்கப் போகிறார்கள், நான் கரையில் நின்று அவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாத்துகளுக்கென்று ஒரு மூலையில் மட்டும் வெந்நீர் விட்டுத் தண்ணீராக வைத்திருக்கிறார்கள்.

பெட்ரீனாவுக்கு என் அன்பைச் சொல். இல்லை, சொல்ல வேண்டாம்.

சல்வோர்


கால்டெய்ரி
பிப்ரவரி 7

சல்வோர்,

சளி போய்விட்டதா? நெஞ்சில் எதையாவது தடவிக்கொள்.

சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் வருடாவருடம் குளிர்காலத்தில் வரும் தோரி மாத விருந்து. புளித்த இறைச்சி, சுறா, சாராயம், வழக்கம்போல. பிறகு வருடம் முழுக்க ஊரில் நடந்ததையெல்லாம் கேலி செய்து நாடகம் போட்டார்கள். கோபப்படக்கூடாது என்பது முறை, உனக்குத் தெரியாததா? போன வருடம் உன் அப்பா கப்பலைத் தவறான துறையில் கட்டியதை அவர் எதிரிலேயே நடித்தார்கள், அவர்தான் அதிகம் சிரித்தார்.

இந்த வருடம் ஒருத்தி வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். ஏப்ரனில் நெஞ்சுக்கு நேராகப் பெரிய கறுப்புப் புள்ளி. கையில் பெட்டி. "நான் எங்கயும் போகல! நான் எங்கயும் போகல!" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு அடியாகக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். கூடம் இடிந்துவிழும் அளவுக்குச் சிரித்தார்கள்.

பெட்ரீனாவும் சிரித்தாள். கைகூடத் தட்டினாள்.

பிறகு கோட்டு மாட்டும் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "யோருன், மத்தவங்க கிடக்கட்டும். நீ என்னை நம்பறியா?"

"நம்பறேன்," என்றேன்.

"உன்ன மாதிரி எனக்கு யாரும் இல்லடி," என்றாள். என் கழுத்துத் துணியைச் சரியாகச் சுற்றிவிட்டாள், வெளியே பனிக்காற்று என்று.

இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சுறாதான் காரணமாக இருக்கும்.

அம்மா


ரெய்க்யவிக்
பிப்ரவரி 14

அன்புள்ள அம்மா,

நீ நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். எனக்குச் சளியும் இல்லை.

முதலில் என் தவறு. விட நினைப்பவர் கட்டத்தில் புள்ளி வைத்தேன். ஓலாவியா அச்சுக்கு முந்திய தாளில் எட்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, "இதையும் மறை" என்று எழுதியிருந்தார். ஒன்றை மட்டும் மறைத்தால் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், முதல் வருடப் பாடம் அது. ஆனால் எட்டை மறைத்தால் நம் ஊர் வரியில் மொத்தத்தைத் தவிர எண் என்று சொல்ல எதுவுமே மிஞ்சாது. இரண்டு புள்ளிகளோடு நிற்கும். அப்பா கண்ணாடி போட்டுப் பார்க்கும்போது புள்ளிகளைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். எட்டுப் பெண்கள் எங்கேயும் போகமாட்டார்கள் என்று புத்தகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தேன். மறந்து செய்ததில்லை, அம்மா. அழித்தேன்.

வெள்ளிக்கிழமை ஓலாவியாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "அந்தப் பொம்பளைங்க உன்னை நம்பித்தானே எழுதினாங்க?" என்று மட்டும் கேட்டார். இனி அட்டவணைகளை நான் தொடக்கூடாது. உறை பிரிக்கும் வேலை. அச்சான புத்தகத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

இரண்டாவது விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கால்டெய்ரிக் கட்டைப் பிரித்தது நான். பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் என் மதிய உணவுப் பொட்டலங்களில் பத்து வருடம் பார்த்த கையெழுத்து எனக்குத் தெரியாதா? அக்டோபரிலிருந்து தெரியும். அதனால்தான் மூன்று முறை கேட்டேன்.

யாருடையது என்று நான் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உன்னிடமும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏற்கெனவே ஒன்றை மீறிவிட்டேன். இன்னொன்றையும் மீறமாட்டேன். பெட்ரீனா வேலையை இழந்தாலும் மீறமாட்டேன். இதை எழுதும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அந்தக் கேள்வியை யாரை நினைத்து எழுதினேன் தெரியுமா? ஒவ்வொரு தரம் வீட்டுக்கு வரும்போதும் உன்னிடம் கேட்க நினைப்பேன். நீ அடுப்பருகில் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். நான் "ஒண்ணுமில்ல" என்பேன். பிறகு நாடு முழுவதற்கும் அச்சடித்து அனுப்பினேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது.

சல்வோர்


கால்டெய்ரி
மார்ச் 6

என் கண்ணு சல்வோருக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. மூன்று நாள் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு மீன் வெட்டினேன். வரி வரியாக நனைந்துவிட்டது.

அடுத்து வந்த திங்கட்கிழமை காபி நேரத்தில் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்.

"அந்த ஒண்ணு நான்தான்," என்றேன்.

"உக்காரு யோருன்," என்றார்கள். "சிநேகிதிய காப்பாத்தப் பாக்கறா, பாவம்." ஒருத்தி என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தாள். ஒருவரும் நம்பவில்லை, சல்வோர். அப்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நல்ல பெயரோடு அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன். ஜனவரியில் எல்லோருக்கும் முன்னால் முதலில் "நானில்ல" என்று சொன்னவளும் நான்தான், அதை உனக்கு எழுதாமல் விட்டேன்.

பெட்ரீனா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கையால மறைச்சுக்கிட்டு எழுதினியே," என்றாள்.

"ஆமா."

"கோட்டு மாட்டுற எடத்துல என்னை நம்பறேன்னு சொன்னியே."

"ஆமா."

"நம்பாம எப்படி இருப்ப? உனக்குத்தான் தெரியுமே." கோப்பையில் இருந்த காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் நம்பினார்கள்.

ஹாக்கோன் வெட்கப்பட்டார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார். பட்டியலில் பெட்ரீனாவின் பெயரை அடித்து என் பெயரை எழுதினார். மேற்பார்வையாளர் வேலையையும் அவளுக்கே கொடுத்துவிட்டார். வேலையிலிருந்து விலகும் தாளில் அவள்தான் என்னைக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"காரணம் என்ன போடட்டும்?" என்றாள், தலை நிமிராமல்.

கை வலி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "போதும்னு தோணுது," என்றேன். எழுதிக்கொண்டாள்.

இருபது வருடமாக எங்கள் இருவர் ஏப்ரனும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. அடுத்த நாள் பார்த்தபோது அவளுடையது கதவுப் பக்கம் போயிருந்தது.

உன் அப்பாவிடமும் சொன்னேன். கப்பலிலிருந்து வந்து பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. "எவ்வளவு நாளா இந்த நெனப்பு?" என்று கேட்டார். "பதினாறு வருஷமா," என்றேன். "எங்கிட்ட சொல்லவேயில்லையே," என்றார். "நீங்க கேக்கவேயில்லையே," என்றேன். நீ எழுதினாயே அந்தக் கேள்வி, அதை இரண்டு தரம் படித்தேன். இப்படி ஒன்றை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. யாருக்கும் தெரியாது என்று நீ சொன்னதால்தான் உண்மையை எழுதத் துணிந்தேன், பிறகு யாருக்கும் தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டே அவளை நிற்கவைத்து வேடிக்கை பார்த்தேன். உன் ரப்பர் செய்தது பாதி. மீதி என்னுடையது. பங்கு போடுவதற்கு எனக்கு அட்டவணை வேண்டியதில்லை.

வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன், இறங்கினால். ஒரு மாதம் உன்னோடு தங்குகிறேன், அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. ஏதாவது கேட்க நினைத்தால் நேராகக் கேள். அச்சடிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா
யோருன்

பி.கு. பெட்ரீனா உனக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பாளா என்று இந்தக் கடிதத்தின் அடியில் தேடுவாய். நேற்று ஆலை வாசலில் அவளை நிறுத்தி, சல்வோரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டே, "கழித்தல் கணக்கு தெரிஞ்சவதானே அவ, எனக்கு எத்தனை பேர் மிச்சம்னு போட்டுப் பாக்கச் சொல்லு," என்றாள். சிரிக்கவில்லை.